யூடெவ் பற்றி ஒரு சின்னத் திருத்தம்

லினக்ஸில் டெவ் (/dev) கோப்புறைக்குள் இருக்கும், வட்டு, போர்ட் போன்ற சாதனங்களைக் குறிக்கும் சாதனக் கோப்புகளை யூடெவ் (udev) என்ற நிரல்தான் உருவாக்குகிறது என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். 2003-ல் யூடெவ் வந்த புதிதில் அது சரி. 2009-ல் லினக்ஸின் மையக்கருவான கெர்னலின் 2.6.32 பதிப்போடு டெவ்டெம்ப்எஃப்எஸ் (devtmpfs) என்ற கோப்பு முறைமை வந்த பிறகு, அது இயங்கும் கணினிகளில் கோப்பை உருவாக்குவது கெர்னலே. யூடெவுக்கு மிஞ்சியது அனுமதி, குழு, மாற்றுப் பெயர் இணைப்புகள் போன்ற வேலைகள். அதுவும் லேசுப்பட்ட வேலை இல்லை!

எந்த டிரைவர், அதில் எந்தச் சாதனம் என்று கெர்னலுக்குச் சொல்லும் மேஜர், மைனர் எண்களுக்கு நீங்கள் தந்த விளக்கம் அருமை. வட்டுக்கு எஸ்டிஏ (sda) என்ற பெயரெல்லாம் நமக்குத்தான், கெர்னலுக்கு அது 8, 0.

என் வீட்டுக் கணினியில் இரண்டு யூஎஸ்பி-சீரியல் கேபிள்கள். ஒன்று ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகைக்கு, மற்றது ரவுட்டர் கன்சோலுக்கு. ரீபூட் செய்தால் சில நாள் அவற்றின் சாதனக் கோப்புகளான டிடிஒய்யூஎஸ்பி0, 1 (ttyUSB0, ttyUSB1) இரண்டும் இடம் மாறிவிடும். ரவுட்டருக்கு அனுப்ப வேண்டியதை ஆர்டுயினோவுக்கு அனுப்பிவிட்டு அரைமணி நேரம் முழித்திருக்கிறேன். சீரியல் எண்ணை வைத்து நிலையான பெயர் தரும்படி யூடெவ் விதி எழுதலாம் என்று பார்த்தால் இரண்டும் ஒரே மலிவுச் சிப், சீரியல் எண்ணே கிடையாது. கடைசியில் எந்த போர்ட்டில் செருகியிருக்கிறது என்பதை வைத்து விதி எழுதினேன். போர்ட் மேல் மார்க்கரால் குறியும் போட்டிருக்கிறேன். வீட்டில் யாராவது கேபிளை மாற்றிச் செருகினால் மறுபடி பழைய கதைதான்.