ஒளிபரப்பு முடியும் வரை

ஒவ்வொரு தை மாதமும் எங்கள் வீட்டில் இரண்டு நிகழ்வுகள் ஏறத்தாழ ஒரே வாரத்தில் வந்து சேர்கின்றன. ஒன்று தைப்பொங்கல். மற்றையது சுவிஸ் மலைக் கிராமமான வெங்கனில் நடைபெறும் லௌபர்ஹோர்ன் பனிச்சறுக்குப் போட்டி. பொங்கல் வேலைநாளில் வந்தால், சுவிற்சர்லாந்தில் வாழும் பல தமிழ்க் குடும்பங்களைப் போல நாங்களும் விடியற்காலையில் சிறிய பானையில் பொங்கிப் படைத்துவிட்டு, உறவினர்களோடு கூடி உண்பதைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்வோம். லௌபர்ஹோர்னில், ஜெர்மன் மொழியில் அப்ஃபார்ட் என்று அழைக்கப்படும் இறக்கப் பந்தயமும் வழக்கமாகச் சனிக்கிழமை நண்பகலை ஒட்டித்தான் நடக்கும். ஆகவே எங்கள் வீட்டுப் பொங்கல் விருந்து நான் நினைவறிந்த நாள் முதல் தொலைக்காட்சிக்கு முன்னால்தான் பரிமாறப்பட்டு வருகிறது.

இதைப் பற்றி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த ஆண்டு விருந்துக்கு வந்த இளையவர்களில் சிலர், எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை, வென்றவரின் ஓட்டத்தை மாலையில் கைபேசியில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனாலும் அது தவறான எண்ணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கான காரணம் இந்த விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

இறக்கப் பந்தயத்தில் வீரர்கள் ஒருவரோடு ஒருவர் முட்டி மோதுவதில்லை. ஒவ்வொருவராகத் தனித்தனியே இறங்குகிறார்கள். எதிராளி கடிகாரம் மட்டுமே. லௌபர்ஹோர்ன் தடம் ஏறத்தாழ நாலரைக் கிலோமீற்றர் நீளமானது. உலகக் கோப்பைத் தொடரில் இதைவிட நீண்ட இறக்கப் பந்தயத் தடம் வேறில்லை. ஆயிரம் மீற்றருக்கும் சற்றே அதிகமான உயரத்தை இரண்டரை நிமிடத்தில் இறங்கிக் கடக்கும் வீரருக்கும் அவருக்கு அடுத்தவருக்கும் இடையே இருக்கும் வேறுபாடு பல வேளைகளில் ஒரு வினாடியின் நூறில் சில பங்குகள்தான். ஹுண்ட்ஷொப்ஃப் என்னும் பாறை முகட்டிலிருந்து ஒருவர் பாயும்போது அவர் நன்றாகப் பாய்ந்தாரா என்பதை அந்த ஒரு பாய்ச்சலை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அவருக்கு முன் பதினைந்து பேர் அதே பாறையில் எங்கே திரும்பினார்கள், எவ்வளவு நேரம் காற்றில் நின்றார்கள், எங்கே தரையைத் தொட்டார்கள் என்பதையெல்லாம் பார்த்திருந்தால்தான் பதினாறாவது வீரர் அரை மீற்றர் உள்ளே நெருங்கிச் சென்றது கண்ணுக்குத் தெரியும். வென்றவரின் ஓட்டத்தில் தடுமாற்றம் மிகக் குறைவு என்பதால் அதைத் தனியே பார்ப்பவருக்கு அது மிக எளிதானதாகவே தோன்றும். அது எவ்வளவு அரிய செயல் என்பது மற்றவர்கள் அனைவரையும் பார்த்தவருக்குத்தான் விளங்கும்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் அப்பா. அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பனிச்சறுக்குப் பலகையில் ஏறியதில்லை. 1980களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பேர்ன் மாநிலத்தில் ஓர் உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவும் வேலையில் சேர்ந்தார். அது சுவிஸ் பனிச்சறுக்கின் உச்சக் காலம். 1987ஆம் ஆண்டு கிரான் மொன்டானாவில் நடந்த உலகப் போட்டியில் வழங்கப்பட்ட 10 தங்கப் பதக்கங்களில் 8 சுவிஸ் வீரர்களுக்கும் வீராங்கனைகளுக்கும் கிடைத்திருந்தன. பிர்மின் ட்சூர்பிரிக்கன், வ்ரேனி ஷ்னைடர் ஆகிய பெயர்களை இந்த நாட்டில் அறியாதவர் இல்லை. அப்பா வேலை செய்த உணவகத்தில் மதிய நேரத்தில் சமையலறைக்கு வந்துகொண்டிருக்கும் உத்தரவுகள் திடீரென்று நின்றுவிடுமாம். என்ன நடந்தது என்று எட்டிப் பார்த்தால், விருந்தினர், பரிமாறுபவர், முதலாளி என அனைவரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம். ஒரு சுவிஸ் வீரர் தொடக்கக் கதவில் நிற்பார். இரண்டரை நிமிடம் கழித்துத்தான் உணவகம் மீண்டும் இயங்கத் தொடங்கும். இவ்வளவு பேரை ஒரே நேரத்தில் மௌனமாக்குவது என்னவென்று அறிய விரும்பித்தான் அப்பா பார்க்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில், அந்த ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் விடுமுறை கேட்டு வாங்கும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது.

அம்மாவுக்கு அப்போது ஜெர்மன் தெரியாது. ஆனால் திரையின் ஓரத்தில் நேரம் பச்சை நிறத்தில் தெரிந்தால் வீரர் முந்துகிறார், சிவப்பில் தெரிந்தால் பின்தங்குகிறார் என்பதற்கு மொழி தேவையில்லை. நூறில் ஒரு பங்கைக் குறிக்கும் ஹுண்டெர்ட்ஸ்டெல் என்ற சொல்லை அவர் மொழி வகுப்பில் கற்கவில்லை. இந்த ஒளிபரப்பில்தான் கற்றார். நீண்ட காலம் வர்ணனைக் கூடத்தில் இருந்த பேர்ன்ஹார்ட் ரூஸி, 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் இறக்கப் பந்தயத் தங்கத்தை வென்றவர். எந்த வளைவில் எதற்காக நேரம் இழக்கப்பட்டது என்பதை அவர் அமைதியாக விளக்கும் முறை எங்கள் வீட்டிலும் பேச்சு முறையாகிப் போனது.

இந்தப் பந்தயத்தின் தாளத்தில் வேறு விளையாட்டுகளில் காணாத ஒன்று இருக்கிறது. இரண்டரை நிமிடம் யாரும் பேசுவதில்லை. பிறகு அடுத்தவர் புறப்படும் வரை சிறிய இடைவெளி. அந்த இடைவெளியில்தான் தேநீர் ஊற்றப்படும், வடைத் தட்டு கைமாறும், பேச்சு பிறக்கும். அப்பா தம் ஊரைப் பற்றியும், இங்கு வந்து சேர்ந்த வழியைப் பற்றியும் கேட்டால் சொல்பவர் அல்லர். ஆனால் இருபதாவது வீரருக்கும் இருபத்தொராவது வீரருக்கும் இடையில், எதிர்பாராத வேளையில், ஒரு வாக்கியம் சொல்வார். அடுத்த வீரர் புறப்பட்டதும் நிறுத்திவிடுவார். பிறகு இன்னொரு வாக்கியம் வரும், சில வேளைகளில் அடுத்த ஆண்டுதான் வரும். எங்கள் குடும்பத்தின் கதையை நான் முழுமையாக அறிந்துகொண்டது இப்படித்தான். கைபேசியின் இரண்டு நிமிடக் காணொளியில் அந்த இடைவெளிகள் எல்லாம் வெட்டி எறியப்பட்டுவிடுகின்றன.

ஆபத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அம்மா இன்றும் முடிவிடத்துக்குச் சற்று முன்னால் வரும் எஸ் வளைவு வந்ததும் கண்களை மூடிக்கொள்கிறார். நீண்ட இறக்கத்தின் முடிவில் கால்கள் களைத்திருக்கும்போது வரும் வளைவு அது. 1991ஆம் ஆண்டு ஆஸ்திரிய இளைஞர் கேர்னோட் ரைன்ஷ்டாட்லர் அங்கு விழுந்து பாதுகாப்பு வலையில் சிக்கி உயிரிழந்தார்; அவ்வாண்டுப் போட்டி கைவிடப்பட்டது. 2024இல் நோர்வே வீரர் அலெக்சாண்டர் ஓமொட் கில்டெ அதே பகுதியில் விழுந்து கடுமையாகக் காயமடைந்தபோது எங்கள் வீட்டில் யாரும் உணவைத் தொடவில்லை. இன்னும் மேலே, ஹானெக் என்ற நேர்ச்சரிவில் 2013ஆம் ஆண்டு பிரெஞ்சு வீரர் யொஹான் கிளாரே மணிக்கு 161.9 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டார். மெல்லிய உடையணிந்த ஒரு மனித உடல் அந்த வேகத்தில் செல்கிறது என்பதை மறந்துவிட்டுப் பார்ப்பவர் இந்த விளையாட்டைப் பார்க்கவில்லை என்றே நான் கருதுகிறேன். பிள்ளைகளுக்கு அருகில் பெரியவர்கள் இருந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒருவர் விழுந்து கிடக்கும்போது, மீட்பு உலங்குவானூர்தி வந்து அவரை ஏற்றிச் செல்லும் வரை எப்படிக் காத்திருப்பது என்பதைக்கூட ஒரு பிள்ளை யாரிடமாவது கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டின் வீரர் பேயாட் ஃபொய்ட்ஸ். எம்மென்டால் பகுதியின் ஷங்னௌ கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 2012இல் லௌபர்ஹோர்னில் வென்றார். அதன் பின் முழங்கால் அறுவைச் சிகிச்சையும் தொற்றும் அவரை ஒரு பருவம் முழுவதும் படுக்க வைத்தன. மீண்டும் வந்து 2018இலும் 2020இலும் அதே மலையில் வென்றார். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றார். 2018 வெற்றியின்போது அப்பா எழுந்து நின்று கைதட்டினார். அதற்கு முன்னோ பின்னோ அவர் தொலைக்காட்சிக்கு முன் எழுந்து நின்று நான் கண்டதில்லை. ஃபொய்ட்ஸ் விழுந்த ஆண்டுகளையும் பார்த்திருந்தபடியால்தான் அந்தக் கைதட்டல் அப்பாவுக்குள்ளிருந்து வந்தது.

அதே 2018 மார்ச் மாதத்தில், பொது ஒலி-ஒளிபரப்புக்கான கட்டணத்தை ஒழிப்பது பற்றிய வாக்கெடுப்பு நாடு முழுவதும் நடந்தது. வாக்களித்தவர்களில் 71 வீதத்துக்கும் அதிகமானோர் அதை நிராகரித்தார்கள். நானும் நிராகரித்தேன். செய்திகளுக்காகவும்தான், ஆனால் வாக்குச்சீட்டை நிரப்பும்போது என் கண்முன் நின்றது எங்கள் வரவேற்பறை. தனிச் சந்தா கேட்கும் அலைவரிசையில் இந்தப் போட்டி ஒளிபரப்பாகியிருந்தால், ஒவ்வொரு பிராங்கையும் எண்ணிச் செலவிட்ட என் பெற்றோர் அதை ஒருபோதும் பார்த்திருக்க மாட்டார்கள். பனிச்சறுக்கு செலவு மிகுந்த விளையாட்டு. பலகை, காலணி, மலையேற்றிக் கட்டணம் என்று ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கே பெருந்தொகை ஆகும். பார்ப்பதாவது எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

உறவினர் ஒருவர் ஒருமுறை, இது நமது விளையாட்டா, நமக்கு எதற்கு என்று கேட்டார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு மலையின் ஒவ்வொரு வளைவையும் பெயர் சொல்லி அறிந்தவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது பொருத்தமில்லை. பற்சக்கர இரயில் பாலத்தின் அடியில் வீரர்கள் நுழைந்து வெளிவரும் இடத்தை என் அம்மா தம் பிறந்த ஊரின் ஒழுங்கைகளைப் போலவே அறிவார்.

2025 ஜனவரி 18ஆம் திகதி லௌபர்ஹோர்னில் சுவிஸ் வீரர் மார்க்கோ ஓடர்மாற் வென்றார். இரண்டாமிடத்தில் எங்கள் மாநிலத்தின் சிம்மென்டால் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஃபிரான்யோ ஃபொன் அல்மன். முன்னணி வீரர்கள் இறங்கி முடிந்ததும் விருந்தினர் கதிரைகளிலிருந்து எழுந்து தட்டுகளை அடுக்கத் தொடங்கினார்கள். முன்னே சென்றவர்களின் பலகைகள் கீறிய தடத்தில், நிழல் படர்ந்த சரிவில், வெல்ல வாய்ப்பே இல்லாத எண்களோடு இளம் வீரர்கள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆறு வயதான என் மகள் தொலைக்காட்சியை நிறுத்தப் போனாள்.

"பொறு பிள்ளை, இன்னும் ஆக்கள் இருக்கினம். அவையளும் அவ்வளவு மேலயிருந்துதானே வருகினம்," என்றார் அப்பா.

அவள் திரும்பி வந்து அவருக்கருகில் அமர்ந்தாள். அடுத்தவர் புறப்பட்டார்.