வீட்டுக்கடன் காப்பீடு கடன் கொடுத்தவருக்கு
அமெரிக்க வீட்டுக்கடன் காப்பீட்டுக் கம்பெனிகளான எம்ஜிஐசி, ரேடியன் ஆகியவற்றின் காலாண்டு முடிவுகளைப் பற்றிய பேச்சுக்கு நடுவே ஒரு கருத்து பரவுகிறது: அமெரிக்காவில் வீட்டுக்கடன் காப்பீடு கட்டுபவருக்கு வேலை போனால், காப்பீட்டுக் கம்பெனி அவருடைய தவணையைக் கட்டி வீட்டைக் காப்பாற்றும் என்று.

அப்படி இல்லை நண்பரே. பிரீமியம் கட்டுபவர் வீடு வாங்கியவர்தான். ஆனால் பாதுகாப்பு கடன் கொடுத்தவருக்கு. 4,00,000 டாலர் வீட்டுக்கு 3,60,000 கடன், காப்பு கடனில் 25% என்று வைத்துக்கொள்ளுங்கள். தவணை நின்று, வீடு ஏலம் போய், நஷ்டம் வந்தால் சுமார் 90,000 டாலர் வரை கடன் கொடுத்தவருக்குக் கிடைக்கும். வீட்டுக்காரர் வீட்டை இழந்தது இழந்ததுதான். அந்தக் கருத்தை நம்பி யாராவது அவசரகாலச் சேமிப்பைக் குறைத்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

சரிபார்ப்பது எளிது. அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான எஸ்இசியின் எட்கர் என்ற தளத்தில் எம்ஜிஐசி என்று தேடி, 10-கே எனப்படும் ஆண்டறிக்கையைத் திறங்கள். தொழிலை விளக்கும் முதல் பகுதியிலேயே யாருடைய நஷ்டத்துக்குக் காப்பு என்று எழுதியிருக்கும். அவ்வளவு பக்கம் படிக்க நேரமில்லை என்றால், அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சிஎஃப்பிபியின் தளத்தில் எளிய கேள்வி-பதிலாகவே இருக்கிறது.