முதல் தவணை என்றைக்கு?

வட்டி எவ்வளவு என்று கேட்கிறோம். மானியம் எத்தனை சதவீதம் என்று கேட்கிறோம். முதல் தவணை என்றைக்கு என்பதை மட்டும் பெரும்பாலும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பார்க்கிறோம். விவசாயத்துக்கும் அதை ஒட்டிய சிறு தொழில்களுக்கும் கொடுக்கிற கடன் இடறி விழுவது அதிகமும் இந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம். இதைப் பற்றி யாரும் போதுமான அளவு கோபப்படுவதில்லை.

சின்ன எண்ணெய் ஆலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்த சில வாரங்களில்தான் வித்து மலிவாகக் கிடைக்கும். வருஷம் முழுக்க ஆட்டுவதற்கான சரக்கை அப்போதே வாங்கி, காயவைத்து, அடுக்கியாக வேண்டும். வாங்கிய கடன் மொத்தமும் மூட்டைகளாகக் குடோனில் கிடக்கும். எண்ணெயாகி, விற்று, கடைக்காரர் பாக்கியைத் தீர்த்து அந்தப் பணம் முழுதாகத் திரும்ப எட்டு, பத்து மாதம் ஆகும். தவணையோ அடுத்த மாதமே தொடங்கிவிடும். அவர் என்ன செய்வார்? விலை ஏறும் வரை வைத்திருக்க வேண்டிய மூட்டையை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார், இல்லையென்றால் வெளியே அதிக வட்டிக்குக் கைமாற்று வாங்கித் தவணை கட்டுவார். லாபம் வரக்கூடிய தொழில்தான். ஆனாலும் மூன்றாவது மாதத்திலேயே அவர் கடனாளிபோல ஓட ஆரம்பித்துவிடுகிறார்.

தெரிந்தவர்களுக்குக் கடன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். 'மாத வருமானம்' என்று ஒரு கட்டம் இருக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை மட்டுமே பணத்தைக் கண்ணால் பார்க்கிறவர் அதில் என்ன எழுதுவார்? மொத்த வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்து ஒரு தொகை எழுதச் சொல்வார்கள். அந்தத் தொகை எந்த மாதத்திலும் அவர் கைக்கு வந்ததே கிடையாது. தவணைக் கணக்கு அதை நம்பித்தான் போடப்படுகிறது.

இது புதிய பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதற்காக இரண்டு கூட்டுறவு முன்னோடிகள் மோதிக்கொண்டார்கள். ஷுல்ட்ஸே டெலிட்ச் நகரத்துக் கைவினைஞர்களையும் வணிகர்களையும் மனதில் வைத்துக் குறுகிய காலக் கடன்தான் சரி என்றார். 1864இல் ஹெடெஸ்டார்ஃபில் கடன் சங்கம் தொடங்கிய ரைஃபைசன், உழவர்களுக்கு அது ஒத்துவராது, ஆண்டுக்கணக்கில் அவகாசம் வேண்டும் என்றார். டெலிட்ச் கேட்ட கேள்வியிலும் நியாயம் இருந்தது: எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய சேமிப்பை வாங்கி நீண்ட காலக் கடனாகக் கொடுத்தால், நடுவில் பணம் முடைப்பட்டால் யார் பொறுப்பு? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வளர்ச்சி நிதி, அதாவது சாதாரண வங்கி தயங்கும் இடத்தில் பொதுப்பணத்தைக் கொண்டு கடனுக்குத் துணை நிற்கும் ஏற்பாடு, தேவைப்படுகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வங்கதேசத்தில் முகமது யூனுஸ் 1976இல் தொடங்கிய முயற்சி 1983இல் கிராமீன் வங்கியானது, 2006இல் நோபல் அமைதிப் பரிசும் பெற்றது. அடமானம் கேட்காமல் ஏழைப் பெண்களுக்குக் கடன் கொடுக்கலாம் என்று காட்டியது பெரிய விஷயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தினமும் நாலு காசு புரள்கிற வியாபாரத்துக்கு வாராந்திரத் தவணை பொருந்தும். அதே அச்சை உலகம் முழுக்க எடுத்துப்போய், ஆறு மாதம் மண்ணில் பணத்தைப் புதைத்துவிட்டுக் காத்திருப்பவர் தலையிலும் வைத்ததுதான் தவறு. 1998 வெள்ளத்துக்குப் பிறகு கிராமீன் வங்கியே தன் முறையை மாற்றி, தவணைகளைத் தளர்த்திக்கொள்ள வழி செய்தது. அதைப் பார்த்து வாரத் தவணையைக் காப்பியடித்தவர்கள் பலர் இதைக் காப்பியடிக்கவில்லை.

தவணையைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று கொல்கத்தாவில் ஓர் ஆய்வு நடந்தது. சிறு கடன் வாங்கிய பெண்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கம்போல் இரண்டு வாரத்தில் தவணை தொடங்கியது. மற்றவர்களுக்கு இரண்டு மாத அவகாசம். அவகாசம் கிடைத்தவர்கள் தொழிலில் கூடுதலாக முதலீடு செய்தார்கள், பின்னாளில் அவர்களுடைய லாபமும் அதிகமாக இருந்தது. ஆனால் கடன் திரும்பாமல் போவதும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது. 2013இல் வெளியான இந்த முடிவின் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு நகர எனக்கு மனமில்லை. அவகாசத்துக்கு ஒரு விலை உண்டு. அதை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி.

ஆப்பிரிக்காவிலிருந்தும் உதாரணங்கள் உண்டு. மாலியில் ஒரு நிறுவனம் பெண்கள் குழுக்களுக்கு விதைப்பு நேரத்தில் கடன் கொடுத்து, அறுவடைக்குப் பிறகு ஒரே தடவையாகத் திரும்ப வாங்கியது. கிட்டத்தட்ட எல்லாக் கடனும் திரும்பி வந்தது. கென்யாவில் வேறு மாதிரி: மக்காச்சோளம் அறுத்த கையோடு செலவு நெருக்கடியில் அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு, சில மாதம் கழித்து அதையே அதிக விலைக்கு வாங்குகிற குடும்பங்கள் ஏராளம். அறுவடை நேரத்தில் அவர்களுக்கு ஒரு கடன் கொடுத்ததும், மூட்டையை வைத்திருந்து விலை ஏறிய பிறகு விற்றார்கள், வருமானமும் கூடியது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் மாறவில்லை? கடன் அதிகாரிகளைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்களுக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். ஏழைகளுக்குச் சிறு கடன் கொடுக்கும் நுண்கடன் நிறுவனங்களுக்குப் பணம் போடுகிற முதலீட்டாளர்கள் முதலில் பார்க்கும் அளவுகோல், தவணை முப்பது நாள் தாண்டிய கடன்கள் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பது. மழை ஒரு மாதம் தள்ளிப்போனால் அந்தச் சதவீதம் எகிறும். அடுத்த சுற்றுப் பணம் வருவது சிக்கலாகும். அப்புறம் எந்த மேலாளர் பருவத்துக்கேற்ற தவணை கொடுக்கத் துணிவார்? வாரா வாரம் வசூல் ஆகிற பெட்டிக்கடைக் கடனே போதும் என்றுதான் ஒதுங்குவார்.

விதியை மாற்ற முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே சாட்சி இருக்கிறது. சாதாரணக் கடனில் தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன். குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு அப்படி இல்லை, இரண்டு பயிர்ப் பருவம் தாண்டிய பிறகுதான் அது வாராக்கடன் என்கிறது ரிசர்வ் வங்கி. பயிருக்குத் தனிக் காலண்டர் உண்டு என்பதை ஒரு மைய வங்கி ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் அதே விளைபொருளை வாங்கி அரைக்கிற, ஆட்டுகிற தொழிலுக்குப் பழைய 90 நாள்தான். வயலின் வரப்பைத் தாண்டியதும் பருவம் முடிந்துவிடுகிறதா என்ன?

எனவே வளர்ச்சி நிதி நிறுவனங்களிடம் நான் எதிர்பார்ப்பது, இன்னும் கொஞ்சம் மலிவான பணத்தை அல்ல. தாமதத்தைத் தாங்குகிற பணத்தை. வறட்சி வந்தால் ஒரு வட்டாரமே ஒரே நேரத்தில் தவணை கட்டாது. அந்தப் பயம் உண்மையானது, சின்ன நிறுவனத்தால் தாங்க முடியாது. கடன் திரும்பாமல் போனால் முதலில் வருகிற இழப்பில் ஒரு பங்கை ஏற்பது, மோசமான பருவத்தில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு இடைக்காலப் பணம் கொடுப்பது, இவற்றுக்குத்தான் பொதுப்பணம் போக வேண்டும். 2020இல் தொடங்கிய ஆசெலி ஆப்ரிக்கா என்ற அமைப்பு கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்த வழியில் போகிறது: வேளாண் சிறு நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கிகளுக்கு ஊக்கத்தொகையும், இழப்பில் ஒரு பகுதிக்கு ஈடும் தருகிறது. கடன் தள்ளுபடியைப் பற்றிக் கேட்பீர்கள். வீழ்ந்தவரைத் தூக்குவதற்கு அது சில சமயம் தேவை. ஆனால் தவணைத் தேதியை அப்படியே வைத்துவிட்டுச் செய்கிற தள்ளுபடி, அடுத்த தள்ளுபடிக்குத்தான் வழி பார்க்கும்.

தாமதத்தைத் தாங்குகிற அந்தப் பணம் வரும்வரை, கடன் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து கூச்சப்படாமல் கேளுங்கள். முதல் தவணை என்றைக்கு, அறுவடை வரை வட்டி மட்டும் கட்ட முடியுமா, விளைச்சல் தள்ளிப்போனால் தேதியையும் தள்ளுவார்களா, அதற்கு அபராத வட்டி உண்டா? வாய்வார்த்தையாகச் சொன்னால் விடாதீர்கள், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.