ராத்திரி 2 மணிக்கு ஓடும் மீட்டர்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் கொஞ்சம் தடுமாறித்தான் போகிறேன். ஒரு கல்லூரியில் நீடித்த நிலைத்தன்மை அலுவலர், அதாவது வளாகத்தில் தண்ணீர், மின்சாரம், சாப்பாடு வீணாவதைக் குறைக்கிற ஆள். இதைச் சொன்னதும் "ஓ, மரம் நடுகிற வேலையா?" என்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். போன வாரம் ராத்திரி 2 மணிக்கு விடுதியின் தண்ணீர் மீட்டர் முன்னால் டார்ச்சோடு நின்றிருந்த கதையை எங்கே போய் ஆரம்பிப்பது?

அந்த நேரத்தில் விடுதியே தூங்குகிறது. டேங்கிலிருந்து கட்டடத்துக்கு இறங்கும் குழாயில் முள் அநேகமாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாயே ஒரு நாளைக்கு 20 முதல் 30 லிட்டர் வரை கொட்டிவிடும். ஃபிளஷ் டேங்கில் அடைப்பான் சரியாக உட்காராவிட்டால் இன்னும் மோசம், சத்தமே இல்லாமல் உள்ளேயே இறங்கிப் போய்க்கொண்டிருக்கும். எனக்குத் தூக்கம் போனது உண்மைதான். ஆனால் அந்த முள் சுற்றுவதைப் பார்த்தபோது வந்த உற்சாகத்தை வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

மூச்சுவிட நேரமில்லாத வேலை இது. எனக்கு ரொம்பப் பிடித்த வேலையும் இதுதான். அதனால்தான் ஒரு விஷயத்தை மனம்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது: இந்தத் துறையில் எனக்கு அலுத்துப்போன ஒரே சொல் 'விழிப்புணர்வு'.

1990ல் பிரான்சில் உள்ள தல்வார் என்ற ஊரில் பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடி, சுற்றுச்சூழலைக் காப்பதில் கல்வி நிறுவனங்களின் பங்கு பற்றி ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். கல்லூரிகளில் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு நாற்காலி கிடைத்ததில் அதற்கும் பங்குண்டு. அதில் 10 அம்சங்கள். முதலாவது விழிப்புணர்வை வளர்ப்பது. கல்வி நிறுவனம் தன் சொந்த வளாகத்திலேயே மின்சாரத்தைச் சேமித்து, கழிவைக் குறைத்துக் காட்டுவது ஐந்தாவதாக வருகிறது. அந்த வரிசையில் அவர்களுக்கு வேறு நியாயம் இருந்திருக்கலாம். நடைமுறையில் பல கல்லூரிகள் முதல் அம்சத்தோடு நின்றுவிடுகின்றன என்பதுதான் என் வருத்தம். பேரணி, உறுதிமொழி, பேனர், அப்புறம் பேனருக்கு முன்னால் குழுப் புகைப்படம். (அந்த பேனர் பிளாஸ்டிக் என்பதைச் சொன்னால் நான் கெட்டவள்.)

நானும் முதல் இரண்டு வருடம் அதைத்தான் செய்தேன். சாப்பாட்டை வீணாக்காதீர்கள் என்று மெஸ் சுவர் முழுக்க ஒட்டினேன். ஒன்றும் மாறவில்லை. ஒரு நாள் தட்டு கழுவுகிற அக்கா சொன்னார்: "எல்லாரும் பெரிய டிரேயை எடுத்து நிறைய வைத்துக்கொண்டு போகிறார்கள், மேடம். அதை எடுத்துவிட்டால் கையில் பிடிக்கிற அளவுதானே வைப்பார்கள்?" டிரேயை எடுத்தோம். ஒரு வாரம் முணுமுணுத்தார்கள். வழித்துக் கொட்டுகிற சாப்பாடு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. டிரே கழுவும் தண்ணீரும் மிச்சம். இரண்டு வருட போஸ்டர் செய்யாததை அந்த அக்காவின் ஒரு வாக்கியம் செய்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் போஸ்டர் அடிப்பதைக் குறைத்து, சாவி வைத்திருப்பவர்களைத் தேடிப் போக ஆரம்பித்தேன். பம்ப் ஆபரேட்டர், எலெக்ட்ரீஷியன், ஆய்வக உதவியாளர், துப்புரவுப் பணியாளர்கள். எந்த சுவிட்ச் எதற்கு என்பது அவர்களுக்குத்தான் தெரியும், ஆனால் எந்தக் கூட்டத்துக்கும் அவர்களை யாரும் அழைப்பதில்லை.

ஆய்வகத்தில் மாதிரிகளை வைக்கும் ஃப்ரீசர் மைனஸ் 80 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. அதை மைனஸ் 70க்கு மாற்றினால் மின்சாரம் சுமார் 30 சதவீதம் வரை குறையும் என்று பல ஆய்வகங்கள் அளந்து பார்த்திருக்கின்றன. பெரும்பாலான மாதிரிகளுக்கு 70 போதும். உதவியாளர் பயந்தார்: "அதைத் தொட்டால் பேராசிரியர் என்னைத் தொலைத்துவிடுவார், மேடம்." நியாயமான பயம். ஒருவருடைய பத்து வருட உழைப்பு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. பேராசிரியரிடம் நான் பேசிச் சம்மதம் வாங்க ஒரு செமஸ்டர் ஆனது, பொத்தானை அழுத்த பத்து நொடி. என் வேலையின் விகிதாசாரம் ஏறக்குறைய இதுதான்.

சொதப்பியதும் உண்டு. விடுதிக்குப் பின்னால் உரக்குழி போட்டேன். மூன்றாவது வாரம் அந்தப் பக்கம் போக முடியாத நாற்றம், வார்டன் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். மெஸ் கழிவு மட்டும் போனதால் ஈரம் அடைத்துக்கொண்டு காற்று புகவில்லை. கார்பன் 25லிருந்து 30 பங்கு, நைட்ரஜன் 1 பங்கு என்ற கணக்கைப் புத்தகத்தில் படித்திருந்தேன், குழியில் மறந்துவிட்டேன். தோட்டக்காரர் தினமும் கூட்டி எரித்துக்கொண்டிருந்த, கார்பன் நிறைந்த காய்ந்த இலையைக் கொண்டுவந்து கலந்தார். நாற்றம் அடங்கியது. எரிப்பதும் நின்றது. வார்டன் இப்போது பேசுகிறார், கொஞ்சம் தூரத்திலிருந்து.

தரவரிசைப் படிவங்கள் நிரப்பும் மாதத்தைப் பற்றி எழுதினால் இந்தப் பதிவு புலம்பலாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

ஒவ்வொரு வருடமும் நன்றாகப் பழகிய மாணவர்கள் படிப்பு முடித்துப் போய்விடுகிறார்கள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். முன்பு இது சலிப்பாக இருந்தது. இப்போது அவர்களை நம்பி எதையும் கட்டுவதில்லை. பிரின்டர் தானாகவே இரண்டு பக்கமும் அச்சடிக்கும்படி வைத்துவிட்டால், புதிதாக வருகிறவருக்கு யாரும் எதையும் உபதேசிக்க வேண்டியதில்லை.

சரி, மீட்டர் கதைக்கு வருகிறேன். ஒவ்வொரு வால்வாக மூடி மூடிப் பார்த்ததில் சந்தேகம் இரண்டு தளங்களுக்குச் சுருங்கியிருக்கிறது. நாளை காலை ஆறரைக்கு பிளம்பர் வருகிறேன் என்றிருக்கிறார். ஃபிளஷ் டேங்கில் விடுவதற்கு உணவுச் சாயம் வாங்கி வைத்திருக்கிறேன். ஃபிளஷ் செய்யாமலேயே நிறம் கீழே கழிப்பறைக் கோப்பைக்குள் இறங்கிய டேங்க்தான் திருடன்.