படிவம் ஐந்தில் 15 பேர் இல்லையென்றால் தமிழ் கிடையாதா?

"ஒரே வகுப்பில் 15 பேர் சேராவிட்டால் தமிழ் வகுப்பு இல்லை, தமிழில் தோற்றால் எஸ்.பி.எம். (இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டான படிவம் ஐந்தின் இறுதித் தேர்வு) சான்றிதழும் போச்சு." மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களின் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தியின் இரண்டு பாதியும் தவறு.

1996 கல்விச் சட்டம் சொல்வது, பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளி தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்பதே. பள்ளி முழுவதற்கும்தான் அந்த 15. படிவம் ஒன்றில் 6, மூன்றில் 5, ஐந்தில் 4 என்றாலும் கணக்குச் சரி. சட்டம் எண்ணுவது பிள்ளைகளை, குடும்பங்களை அல்ல.

காரியம் கெடுவது பெரும்பாலும் வாய்மொழியாகக் கேட்பதால்தான். பள்ளி முதல்வருக்குக் கடிதமாகக் கொடுங்கள்: பிள்ளையின் பெயர், படிவம், வகுப்பு, பெற்றோர் கையொப்பம். நகலில் 'பெறப்பட்டது' முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். ஆள் மாறினால் கடிதம் காணாமல் போகும்.

சான்றிதழுக்குக் கட்டாயத் தேர்ச்சி மலாய்மொழியிலும், 2013 முதல் வரலாற்றிலும் மட்டுமே. தமிழில் தோல்வித் தரமான ஜி வந்தாலும் சான்றிதழ் உண்டு. தேர்வுப் பதிவுத் தாளில் 6354 இருக்கிறதா என்று பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். அதுதான் தமிழ்மொழித் தாளின் எண்.