பெட்டி அடுக்குகிற வேலைக்கு எதற்கையா பேச்சுப் போட்டி?

ஸ்டோர்ஸில் பெட்டி அடுக்க வேண்டும், லேபல் ஒட்ட வேண்டும், வந்த சாமானையும் போன சாமானையும் கொப்பியில் பதிய வேண்டும். வேலை இவ்வளவுதான். அதற்குப் போட்டிருக்கிற விளம்பரத்தைப் பாருங்கள்: "சரளமாகக் கதைக்கக்கூடிய, எவருடனும் இலகுவில் பழகக்கூடிய, துடிப்பான இளைஞர்கள் தேவை. மும்மொழித் தேர்ச்சி விரும்பத்தக்கது. நேரில் வரவும்." யாரோடு பழகச் சொல்கிறீர்கள்? அந்த அறைக்குள் வாடிக்கையாளர் ஒருவர்கூடக் கால் வைக்க மாட்டாரே!

அந்த விளம்பரத்தை நம்பித்தான் உயர்தரம் எழுதி முடித்த ஒரு பொடியன் கொட்டாஞ்சேனையிலிருந்து வெளிக்கிட்டுப் போனான். நல்ல கணக்குப் பிள்ளை, கையெழுத்து முத்து. ஆனால் தெரியாத நாலு பேர் முன்னால் நின்றால் பதகளிப்பு வந்துவிடும். கை நடுங்கும், தொண்டை அடைக்கும், வீட்டில் பாடமாக்கிக்கொண்டு போன வசனம் ஒன்றும் வாயில் வராது. இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும்.

காலை 9 மணிக்கு வரச் சொன்னார்கள். வந்த எல்லாரையும் அதே 9 மணிக்குத்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நேரம் கொடுக்க ஒரு வட்ஸ்அப் மெசேஜ் போதும், அதைச் செய்ய ஆளில்லை. கண்ணாடிச் சுவருக்கு முன்னால் கதிரைகளை வரிசையாகப் போட்டு, உள்ளே போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்துக்கொண்டு போக, 11 மணி தாண்டும்வரை இருத்தி வைத்தார்கள். பதகளிப்புள்ள பிள்ளைக்கு இந்தக் காத்திருப்புத்தான் பாதி உயிரைக் குடிக்கும். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் "அடுத்தது நான்" என்று நெஞ்சு அடித்து அடித்து, கூப்பிடுகிற நேரத்துக்கு அவனிடம் ஒரு சொட்டுத் தெம்பும் மிச்சம் இருக்காது.

பிறகாவது தனியாகக் கூப்பிட்டார்களா? இல்லை. நேரத்தை மிச்சப்படுத்துகிறார்களாம், ஐந்து பேரை ஒன்றாக உள்ளே எடுத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். "எழும்பி நின்று உம்மை அறிமுகப்படுத்தும், இங்கிலீஷில்." தொடங்கி இரண்டு வசனம் முடியவில்லை, "சரி, இனிச் சிங்களத்தில்." தமிழ் மூலம் படித்த பொடியனுக்குக் கடையில் சாமான் வாங்கவும் பஸ்ஸில் இறங்குமிடம் சொல்லவும் சிங்களம் வரும். தன் பலம் பலவீனம் பற்றி நின்ற நிலையில் பிரசங்கம் செய்ய வருமா? ஏற்கெனவே பயத்தில் பாதி மூளை "எல்லாரும் என் கையைப் பார்க்கிறார்கள்" என்பதிலேயே நிற்கிறது. மிச்சப் பாதியில் மொழிபெயர்ப்பும் செய்ய வேண்டும். வாய் திக்காமல் என்ன செய்யும்? அப்போதுதான் நடுவில் இருந்த மனிதர் கேட்டார்: "ஏன் தம்பி, சாப்பிடாமல் வந்தீரா? சத்தம் வருதே இல்லை." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். போட்டிக்கு வந்த மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். அதோடு விட்டார்களா? மேசையிலிருந்த பேனையை நீட்டி, "இதை எனக்கு விற்றுக் காட்டும்" என்றார்கள். ஸ்டோர்ஸ் வேலை ஐயா, ஸ்டோர்ஸ் வேலை! அந்தப் பேனையால் அவன் எழுத வேண்டியது சாமான் கணக்கு. அதை யாருக்கு விற்க வேண்டும்?

"கோல் பண்ணுவோம்" என்று அனுப்பினார்கள். அந்தக் கோல் வராது.

இவ்வளவு நேரத்தில் ஒருவராவது அவனிடம் ஒரு பெட்டியை எண்ணச் சொன்னார்களா? ஒரு இன்வொய்ஸைக் கையில் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார்களா? இல்லவே இல்லை. செய்யப்போகிற வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சோதித்துவிட்டு "பொருத்தமான ஆள் கிடைக்கவில்லை" என்று புலம்புகிறீர்கள். கணீரென்று கதைத்தவனைப் பிடித்துப் போடுகிறீர்கள், அவன் அடுத்த மாதம் அதைவிட நல்ல சேல்ஸ் வேலை கிடைத்ததும் போய்விடுகிறான். திரும்பவும் அதே விளம்பரம்.

ஸ்டோர்ஸுக்கு ஆள் எடுக்க 20 நிமிடம் போதும். 12 சாமான் உள்ள ஒரு இன்வொய்ஸ் எடுங்கள். சாமான்களை மேசையில் வையுங்கள். இரண்டில் எண்ணிக்கையை வேண்டுமென்றே குறைத்து வையுங்கள், ஒன்றில் காலாவதித் திகதி கடந்த பக்கெட்டை வையுங்கள். பொடியனையும் ஒரு கொப்பியையும் விட்டுவிட்டு வெளியே போங்கள். திரும்பி வந்து பார்த்தால் பிழையைப் பிடித்தானா, எழுத்து விளங்குகிறதா, திகதி பார்க்கிற பழக்கம் இருக்கிறதா, எல்லாம் தெரிந்துவிடும். கேள்வி கேட்டேதான் ஆக வேண்டுமென்றால் நாலு கேள்வியை முதல்நாளே அனுப்பிவிட்டு, ஒருவர் மட்டும் இருந்து, அவனுக்கு நேரே இல்லாமல் மேசையின் பக்கவாட்டில் கதிரையைப் போட்டுக் கேளுங்கள். இதற்கு ஒரு சதம் செலவில்லை.

இனி விளம்பரத்தில் இருக்கிற அந்த ஒற்றைத் தொலைபேசி இலக்கம். தெரியாதவருக்குக் கோல் எடுப்பது இந்தப் பிள்ளைகளுக்கு மலை. சரியென்று பண்பாக மெசேஜ் போடுகிறார்கள்: பெயர், வயது, இருக்கிற இடம், படித்தது, எக்செல் தெரியும், எத்தனை மணிக்கு வரலாம் என்று ஐந்து வரி. பதில் எழுதினால் என்ன குறைந்துவிடும்? உடனே கோல் எடுப்பார்கள், பிள்ளை பதறிப்போய் எடுக்காமல் விடும், "அக்கறை இல்லாத ஆள்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன், நீங்கள் அந்த இலக்கத்துக்கு எடுத்து "என் மகனுக்கு வேலை இருக்கா" என்று கேட்காதீர்கள், அந்த இடத்திலேயே பெயரை வெட்டிவிடுவார்கள். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுத்து, நீங்கள் முதலாளியாக நடித்து வீட்டிலேயே பழக்குங்கள். முதல்நாள் பின்னேரம் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டுங்கள், எந்த பஸ், எந்த வாசல், எந்த மாடி என்று. அன்றைக்கு வாசல்வரை கூடப் போகலாம், உள்ளே போகக் கூடாது.

சொந்தக்காரர் ஒரு பக்கம். "சும்மா கூச்சம், ரெண்டு கிழமை புறக்கோட்டையில் நிப்பாட்டினால் சரியாகிடும்." தீபாவளி நெரிசலில் துணிக்கடை கெஷியர் மேசையில் கொண்டுபோய் இருத்துவது நீச்சல் தெரியாதவனைக் காலிமுகத்திடல் கடலில் தள்ளிவிடுகிற மாதிரி. மத்தியானத்துக்கு முன்னம் ஓடி வந்துவிடுவான், பயம் இரண்டு மடங்காகும். அதற்காக அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கவிட்டாலும் பயம் வளரும். படிப்படியாக ஏற்ற வேண்டும். முதல் கிழமைகளில் பின்கட்டு வேலை, பிறகு லொறி ட்ரைவருக்குத் துண்டைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது, அதுவும் பழகிய பிறகு தெரிந்த ஒரு சப்ளையருக்குக் கோல். ஒவ்வொரு படியிலும் பதகளிப்புத் தானாக இறங்கும்வரை நிற்க வேண்டும். மாதக்கணக்கில் வெளியே இறங்கவே மறுக்கிற பிள்ளை என்றால் அரசாங்க ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் எந்த நேரமும் கதைக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அமைதியான வேலை கொழும்பில் இல்லையா? பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் லெப்டொப் திருத்துகிறார்கள், முதலாம் குறுக்குத் தெருவில் போன் திருத்துகிறார்கள், செட்டியார் தெருவில் நகைப் பட்டறை இருக்கிறது. அச்சகம், பல் கட்டுகிற லேப், பேக்கரியின் பின்பக்கம், மருந்து ஸ்டோர்ஸ் என்று எத்தனை. கையைப் பார்த்து எடுக்கிற வேலைகள் இவை. நாரஹேன்பிட்ட நிபுணதா பியசவுக்குப் போனால் தொழிற்பயிற்சி அதிகார சபை இருக்கிறது. என்விகியூ எனப்படும் தேசிய தொழில் தகைமையின் 3, 4 மட்டத்துக்கு வேலையைச் செய்து காட்டித்தான் சித்தியடைய வேண்டும், மேடைப் பேச்சு கிடையாது. பயிற்சியின்போது வேலைத்தளத்துக்கு அனுப்புகிற இடங்களில் பிள்ளை போவதற்கு முதலே பயிற்றுநர் போய்க் கதைப்பதும் உண்டு. அந்த ஒரு உதவியே பெரிய விஷயம். ஆனால் "கேம்பஸ் கிடைக்காதவன் போகிற இடம்" என்று முகத்தைச் சுழிக்கிற அப்பாமார் விடவேண்டுமே.

அந்த இடங்களை விட்டுவிட்டுப் பேஸ்புக்கில் தேடினால் என்ன கிடைக்கும்? "ஒஃபிஸ் வேலை, அனுபவம் தேவையில்லை, மாதம் ஒரு லட்சம்." கம்பனிப் பெயர் இல்லை, விலாசம் இல்லை. போனால் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், பிறகு இரண்டு பேரைச் சேர்த்துவிடு என்பார்கள். பிரமிட் திட்டம் இந்த நாட்டில் சட்டப்படி தடை, மத்திய வங்கி திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஆனால் முகத்துக்கு நேரே "வேண்டாம்" சொல்லத் தெரியாத பிள்ளைதான் இவர்களுக்கு வேண்டும். வேலை தருவதற்கு முன் காசு கேட்டால் எழும்பி வாருங்கள், காரணம்கூடச் சொல்ல வேண்டாம்.

ஒழுங்கான இடங்களும் இந்தப் பிள்ளைகளின் வாயடைப்பில்தான் காசு பார்க்கின்றன. "மூன்று மாதம் ட்ரெயினிங், சம்பளம் இல்லை, சாப்பாடு தருவோம்." 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்குப் பிள்ளையின் சம்பளத்தில் 8 வீதம் வெட்டினால் முதலாளி தன் பக்கமிருந்து 12 வீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3 வீதம். தகுதிகாண் காலம் என்று சொல்லித் தப்ப முடியாது, முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். கடை, அலுவலகம் என்றால் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, அதற்கு மேல் ஓவர்டைம். தரவில்லையா, தொழில் திணைக்களத்துக்கு எழுதிப் போடுங்கள். எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், கதைக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட வயிறு எரிகிற ஒன்று இருக்கிறது. அசல் சான்றிதழை வாங்கி லாச்சிக்குள் வைத்துப் பூட்டுவது! சாதாரணதரம், பிறப்புச் சான்றிதழ், கிராம அலுவலரிடம் எடுத்துப் பிரதேச செயலகத்தில் கையொப்பம் வைத்த நற்சான்றிதழ், எல்லாம் அசல். அதிலும் அந்த நற்சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். அசலைக் காட்டுங்கள், போட்டோகொப்பியைக் கொடுங்கள், அசலை வைத்துவிட்டு மட்டும் வராதீர்கள். "வேலையை விட்டால் உடனே திருப்பித் தருவோம்" என்பார்கள். போய்க் கேட்க அந்தப் பிள்ளைக்கு நாக்கு எழாது என்று தெரிந்துதான் வாங்கி வைக்கிறார்கள்.