அந்த 40 மெகாவாட்

நேபாளம் இந்தியா வழியாக வங்கதேசத்துக்கு 40 மெகாவாட் மின்சாரம் விற்பதை, நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர் 'வெறும் அடையாளம்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

2012 குளிர்காலத்தில் வேலை விஷயமாகக் காத்மாண்டுவில் இருந்தேன். டீக்கடைச் சுவரில் மின்வெட்டு அட்டவணை ஒட்டியிருக்கும். எந்தப் பகுதிக்கு எந்த நேரம் கரண்ட் வரும் என்று அதைப் பார்த்துத்தான் செல்போனைச் சார்ஜில் போடுவோம். ராத்திரி 2 மணிக்கு எழுந்து துணி துவைத்ததும் உண்டு! அதே நாடு இன்று மழைக்காலத்தில் மின்சாரம் விற்கிறது.

2024 அக்டோபரில் மூன்று நாடுகளும் இந்த விற்பனைக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. யூனிட் 6.4 அமெரிக்க சென்ட். ஜூன் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை மட்டும்தான். நேபாளத்தின் மின்சாரம் பெரும்பாலும் ஆற்று நீரிலிருந்து எடுப்பது. குளிர்காலத்தில் ஆறுகளில் நீர் குறைந்துவிடும்; அப்போது நேபாளமே இந்தியாவிடம் வாங்குகிறது.

சிக்கல் வேறு இடத்தில். நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் நடுவே இந்திய நிலம் வெறும் இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் மின்சாரம் பீகாரின் முசாபர்பூர், மேற்கு வங்கத்தின் பஹரம்பூர் என்று சுற்றித்தான் போகிறது. சீன முதலீடு உள்ள அணைகளின் மின்சாரத்தை இந்தியா வாங்குவதும் இல்லை. கட்டுரை இதைத் தொடவே இல்லையே, ஏன்?